டிரெசர் பதில்கள்: 52ஆம் நம்பர் சட்டை

சென்ற மாத இதழில் என் பழைய படத்தை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் போட்டார்கள். சுங்கை சிப்புட் சந்தையில், கையில் கீரைக்கட்டும் உடம்பில் சிவப்பு ஜெர்சியுமாக நான் நிற்கும் படம். முட்டிவலி, சர்க்கரை, தூக்கம் வரவில்லை என்று வழக்கமாக வரும் கடிதங்கள் இந்த மாதம் குறைந்துவிட்டன. பாதிக்கு மேல் அந்தச் சட்டையைப் பற்றித்தான். சரி, சர்க்கரைக்கு ஒரு மாதம் லீவு. எப்போதும்போலப் பெயர் போடவில்லை, ஊர் மட்டும்.

கேள்வி: ஐயா, சட்டையில் 52 என்று போட்டிருக்கிறதே, நாலு நம்பர் லாட்டரி எடுக்க இன்னும் இரண்டு எண் வேண்டுமே? மிச்சத்தையும் சொல்லக்கூடாதா? (சுங்கை பட்டாணி வாசகர்)

பதில்: மிச்சம் தெரிந்திருந்தால் நான் ஏன் சந்தையில் கீரைக்குப் பேரம் பேசுகிறேன்?

என் தங்கை மகன் அமெரிக்காவில், சாந்தா கிளாராவில் கணினி வேலை பார்க்கிறான். தீபாவளிக்கு வந்தபோது கொண்டுவந்தான். சிவப்பாக இருக்கவே லிவர்பூல் என்று நினைத்துக்கொண்டேன். "மாமா, இது வேற பந்து" என்று சொல்லி, கைப்பேசியில் இரண்டு இரவு உட்கார்ந்து காட்டினான். அந்த எண்ணுக்குரியவர் பேட்ரிக் வில்லிஸ். 1985இல் டென்னசி மாநிலத்தில் புரூஸ்டன் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். 2007 முதல் 2014 வரை சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியில் லைன்பேக்கர். 1849இல் தங்கம் தேடி கலிபோர்னியாவுக்கு ஓடிய கூட்டத்தின் நினைவாக அந்த அணிக்கு வைத்த பெயர் அது. நம் பாட்டன்மார் கப்பலேறிய கதையில் தங்கம் மட்டும் இல்லை, மற்றபடி அதே ஓட்டம்தான்.

உயரம் 185 சென்டிமீட்டர், எடை 109 கிலோ. டிரெசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, தோட்டத்து ஆஸ்பத்திரித் தராசில் 31 வருடம் ஆட்களை நிறுத்தியவன் நான். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் ஆண்கள் பலர் அதில் பாதிதான் இருந்தார்கள்.

கேள்வி: இது ரக்பியா? லைன்பேக்கர் என்றால் கோல்காப்பவரா? (பீடோர் வாசகர்)

பதில்: இரண்டும் இல்லை. சடுகுடு தெரிந்தவர்களுக்குச் சீக்கிரம் புரியும்.

ஒரு பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு 4 வாய்ப்பு, அதற்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி 4 வாய்ப்பு. முடியாவிட்டால் பந்து அடுத்தவன் கைக்குப் போகும். தடுக்கும் அணியில் முன்வரிசையில் மலைமலையாக மூன்று நான்கு பேர் குனிந்து நிற்பார்கள். அவர்கள் வேலை முட்டுவது. கடைசி வரிசையில் ஒல்லியாக, வேகமாக ஓடக்கூடிய நாலைந்து பேர். எறிகிற பந்தைத் தட்டிவிடுவது அவர்கள் பொறுப்பு. இந்த இரண்டு வரிசைக்கும் நடுவில் நிற்பவன்தான் லைன்பேக்கர். எதிரி நேராக ஓடிவந்தால் மலையாக மோத வேண்டும். பந்தை வீசினால் ஒல்லிக்குச்சியாகப் பின்னால் ஓட வேண்டும். எது வரப்போகிறது என்பதை எதிரியின் முதல் இரண்டு எட்டிலேயே கண்டுபிடிக்க வேண்டும்.

அதிலும் வில்லிஸ் நின்றது உள்பக்கம், நட்டநடுவில். அந்த இடத்தில் நிற்பவனுக்கு இன்னொரு சுமையும் உண்டு. வெளியே நிற்கும் பயிற்சியாளர் சொல்வதைக் கேட்டு மற்ற 10 பேருக்கும் கத்திச் சொல்ல வேண்டும். 2008 முதல் தடுக்கும் அணியிலும் ஒருவருக்குத் தலைக்கவசத்துக்குள் வானொலி வைக்க அனுமதி தந்தார்கள். பெரும்பாலும் அது நடு லைன்பேக்கர் காதில்தான் இருக்கும். வேலைக்கு ஆள் கூடும் விடிகாலைப் பெரட்டில் துரை சொன்னதை வாங்கி ஆட்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் மண்டோரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே வித்தியாசம், இந்த மண்டோர் பிரித்துக் கொடுத்துவிட்டு நிழலுக்குப் போக முடியாது.

கேள்வி: தமிழ்ப்பள்ளி ஆசிரியை நான். விளையாட்டு வீரர்களின் இளமைக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வது வழக்கம். இவருடையதில் சொல்லத்தக்கது ஏதும் உண்டா? (கூலிம்)

பதில்: உண்டு டீச்சர். ஆனால் எல்லாவற்றையும் சின்ன வகுப்பில் சொல்லாதீர்கள்.

பத்து வயதில் பருத்திக் காட்டில் வேலைக்குப் போனவர் வில்லிஸ். வீட்டுச் செலவுக்கு அந்தக் காசு வேண்டியிருந்தது. அப்பா குடிப்பழக்கத்தில் இருந்தார், அம்மா அவர்களோடு இல்லை. தம்பிகள் இருவர், தங்கை ஒருத்தி. மூத்தவர் இவர்தான். அவர்களுக்கு ஆக்கிப் போடுவது, பார்த்துக்கொள்வது எல்லாம் அந்தப் பையன் தலையில். தங்கை மகன் இதைச் சொன்னபோது எனக்கு அமெரிக்கா மறந்துபோய்விட்டது. பள்ளிக்குப் போகுமுன் அம்மாவோடு தோட்டத்துக்குப் போய், பால் வடியும் மங்கில் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலைப் பிய்த்துச் சாக்கில் போட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என் மேசைக்கு முன்னால் நின்றிருக்கிறார்கள். கையை நீட்டச் சொன்னால் முதலில் வாசம் வரும், அப்புறம்தான் புண் தெரியும். அந்த வாசம் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, தெரியாதவர்களுக்கு விளக்க முடியாது.

வில்லிஸுக்கு 17 வயதானபோது வீட்டில் நிலைமை கைமீறிப் போனது. பள்ளியின் கூடைப்பந்துப் பயிற்சியாளரும் அவர் மனைவியும் நான்கு பிள்ளைகளையும் தங்கள் வீட்டுக்கு அழைத்துக்கொண்டார்கள். திறமை இருக்கும் ஒருவனை மட்டும் கூட்டிப்போகவில்லை. நான்கு பேரையும். டீச்சர், கதை சொல்லும்போது இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள்.

அங்கிருந்து மிசிசிப்பி பல்கலைக்கழகம் போனார். கடைசி ஆண்டான 2006இல், நாட்டின் சிறந்த கல்லூரி லைன்பேக்கருக்குரிய பட்கஸ் விருது கிடைத்தது. அதே ஆண்டு கோடையில் தம்பி ஒருவர் நீரில் மூழ்கி இறந்தார். விருதும் சாவும் ஒரே வருடத்தில். பிள்ளைகளிடம் விருதை மட்டும் சொல்லுங்கள். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் வேண்டுமானால் இரண்டையும் சொல்லலாம்.

கேள்வி: எவ்வளவு சம்பாதித்தார்? (கிள்ளான் வாசகர்)

பதில்: கிள்ளானிலிருந்து இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். 2010இல் அவர் போட்ட ஒப்பந்தம் 5 ஆண்டுக்கு 50 மில்லியன் டாலர். மலேசிய வெள்ளியில் எவ்வளவு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள், எனக்குத் தலை சுற்றுகிறது. ஆனால் அந்த விளையாட்டில் ஒப்பந்தத்தில் எழுதிய தொகை முழுதும் கைக்கு வரும் என்று கிடையாது. உறுதி என்று எழுதிய பகுதிதான் நிச்சயம். மிச்சம், உடம்பு ஒத்துழைத்து அணியும் வைத்துக்கொண்டால்தான்.

கேள்வி: நான் படிவம் நான்கு மாணவன். யூடியூபில் அவருடைய எந்த ஆட்டத்தை முதலில் பார்க்கலாம்? (குளுவாங்)

பதில்: படித்து முடித்துவிட்டுப் பார் தம்பி. 2007 நவம்பரில் அரிசோனா கார்டினல்ஸை எதிர்த்து ஆடியது.

அது அவருக்கு முதல் ஆண்டு. ஆட்டம் சமநிலையில் முடிந்து கூடுதல் நேரம் போய்க்கொண்டிருந்தது. அரிசோனாவின் ஷான் மோரி பந்தைப் பிடித்துக்கொண்டு ஓட்டம் எடுத்தார். முன்னால் ஒருவரும் இல்லை, கோட்டைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது. பார்க்கிறவர்கள் எல்லாம் முடிந்தது என்றே நினைத்திருப்பார்கள். பின்னாலிருந்து ஒரு 52 வருகிறது. 109 கிலோ உடம்பு அந்த வேகத்தில் வருவதை நீ கண்ணால் பார்த்தால்தான் நம்புவாய். 62 கெஜம் முன்னேறிய மோரியைக் கோட்டுக்கு முன்பாகவே பிடித்து விழுத்தினார். அதற்குப் பிறகு அரிசோனாக்காரர்கள் பக்கத்திலிருந்தே உதைத்த பந்து குறி தவறியது. அடுத்து அவர்கள் தங்கள் கோட்டுக்குள்ளேயே பந்தை நழுவவிட, நைனர்ஸ் அதன்மேல் விழுந்து 37-31 என்று ஜெயித்தார்கள்.

அந்த ஓட்டத்தில் புள்ளி ஏதும் கிடையாது. கணக்கில் ஒரு டேக்கிள் என்று மட்டும்தான் ஏறும். அந்த வருடம் அப்படி 174 ஏற்றினார். லீக்கிலேயே அதிகம் அதுதான். ஆண்டின் சிறந்த புதுமுகத் தடுப்பு வீரர் என்ற பட்டமும் வந்தது. அப்போது அவருக்கு லைன்பேக்கர் வேலையைக் கற்றுக்கொடுத்தவர் மைக் சிங்கிள்டரி. அவரே சிகாகோ பேர்ஸ் அணியின் பழைய பெரிய லைன்பேக்கர். மறு வருடமே தலைமைப் பயிற்சியாளரானார். நல்ல உளி வேண்டுமானால் நல்ல கொல்லனும் வேண்டும்.

கேள்வி: சாம்பியன் ஆனாரா? (சிகாமட் வாசகர்)

பதில்: இல்லை. 2013 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸில் நடந்த இறுதியாட்டத்தில் பால்டிமோர் ரேவன்ஸிடம் 34-31இல் தோற்றார்கள். நமக்கு அது திங்கட்கிழமை காலை. ஆட்டத்தின் நடுவில் அரங்கத்தில் மின்சாரம் போய் 34 நிமிடம் பாதி இருட்டில் உட்கார்ந்திருந்தார்களாம். அமெரிக்காவிலும் அப்படித்தான் என்று கேட்டு எனக்கு ஓர் அற்ப சந்தோஷம். எதிரணியிலும் ஒரு 52 இருந்தார், ரே லூயிஸ், அவரும் லைன்பேக்கர். அன்றுதான் அவருக்குக் கடைசி ஆட்டம். வயது 37.

கேள்வி: 30 வயதில் ஓய்வு பெற்றார் என்று இணையத்தில் பார்த்தேன். ரே லூயிஸ் 37 வரை ஆடவில்லையா? கால் விரல் வலி என்று சொல்லி இவ்வளவு பணத்தை விட்டுவிட்டுப் போவது முட்டாள்தனம் இல்லையா? எங்கள் அப்பா 58 வயது வரை முதுகுவலியோடு பால் வெட்டினார். (ரவாங் வாசகர்)

பதில்: உங்கள் அப்பாவுக்கு என் வணக்கம். அவரைப்போன்றவர்களுக்கு வலி மாத்திரை எண்ணிக் கொடுத்தவன் என்பதால் சொல்கிறேன், அவர் தாங்கியதை வில்லிஸை அடிக்கும் கம்பாக எடுக்காதீர்கள்.

முதலில் விரல். கால் பெருவிரல் என்றால் சின்ன சமாசாரம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நடக்கும்போது ஒவ்வோர் எட்டிலும் உடம்பு முழுவதும் கடைசியாக அந்த விரலின் அடிமூட்டில் வந்து ஏறித்தான் அடுத்த காலுக்கு மாறுகிறது. ஓடும்போது அதைப்போல் பல மடங்கு. குதிகால் தூக்கியிருக்கும்போது பின்னாலிருந்து யாராவது மேலே விழுந்தால் விரல் மேல்பக்கமாக மடங்கி, அடியிலிருக்கும் தசைநார் கிழியும். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருக்கும். பார்க்கிறவன், இதற்கா இவ்வளவு நொண்டல் என்பான். ஒரு லைன்பேக்கருக்கு முதல் எட்டில்தான் பிழைப்பு. அந்த முதல் எட்டை உந்தித் தள்ளுவது இந்த விரல்.

2014 அக்டோபரில், செயின்ட் லூயிஸ் ஆட்டத்தில் வில்லிஸுக்கு விரல் போயிற்று. அந்த ஆண்டு 6 ஆட்டத்தோடு சரி, பிறகு அறுவைச் சிகிச்சை. வலிக்குப் பயந்தவர் என்று மட்டும் சொல்லாதீர்கள். 2010இல் உடைந்த கையில் பெரிய கட்டோடு இறங்கி ஆடியவர் அவர். 2015 மார்ச் 10ஆம் தேதி நிருபர்களைக் கூப்பிட்டுப் போதும் என்றார். கால்கள் ஒத்துழைக்கவில்லை, முழு ஆட்டத்தைக் கொடுக்க முடியாமல் இடத்தை மட்டும் பிடித்து வைத்திருக்க மனமில்லை என்பதே அவர் பேச்சின் சாரம். அழுது வடியவில்லை. பிறகு சிலிக்கன் பள்ளத்தாக்கில் ஒரு கணினி நிறுவனத்துக்கு வேலைக்குப் போனார்.

இனி நான் எழுத நினைக்காதது.

1981இல் எங்கள் தோட்டத்துக்கும் பக்கத்துத் தோட்டத்துக்கும் கால்பந்து இறுதியாட்டம். கிண்ணத்தோடு ஓர் ஆடும் பரிசு. எங்கள் சென்டர் ஹாஃப் என்னைவிட நான்கு வயது மூத்தவர், பால்வெட்டுக்காரர். நாங்கள் அண்ணே என்போம். தோட்டத்தில் அவர் நடந்து வந்தால் பையன்கள் பின்னாலேயே நடந்து பழகுவார்கள், அப்படி ஒரு நடை. அரையிறுதியில் பெருவிரல் மடங்கி, ஞாயிற்றுக்கிழமை காலை சிறிய கத்தரிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. என் அறைக்கு வந்தார். கூடவே டீமில் ஆறேழு பேர். வாசலில் கிராணி வேறு. துரை பார்க்க வருகிறார் என்றார்கள்.

எனக்கு அப்போது 26 வயது. மரத்துப்போகும் ஊசி அலமாரியில் இருந்தது, கிழிந்த காயத்துக்குத் தையல் போட வைத்திருந்தது. விரலின் இரண்டு பக்கமும் போட்டேன். அண்ணன் எழுந்து தரையில் இரண்டு முறை குதித்துப் பார்த்துச் சிரித்தார். "டிரெசர், விரலே இல்லாத மாதிரி இருக்கு" என்றார்.

ஜெயித்தோம். இரவு ஆட்டுக்கறி. அண்ணன் சாப்பிட வரவில்லை, வீட்டில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்தார். வலி என்பது உடம்பு போடும் சத்தம். அந்தச் சத்தத்தை நான் அடைத்துவிட்டேன், அவர் 90 நிமிடம் கிழிந்ததையே கிழித்துக்கொண்டு ஓடினார். மூன்று வாரம் எம்.சி., மருத்துவ விடுப்பு, கொடுத்தேன். ஆனால் செக்ரோலில், அதாவது வேலைக்கு வந்தவர் பதிவேட்டில், பெயர் விழாமல் வீட்டில் அரிசி வேகாது. எட்டாம் நாள் உளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தினம் 500 மரம், மேடும் பள்ளமுமாக. அதற்குப் பிறகு 24 வருடம் பால் வெட்டினார். வலக்காலை வெளிப்பக்கமாக வைத்து, விரல் மடங்காமல், பாதத்தை வீசி வீசி நடந்தார். பையன்கள் அந்த நடையையும் நடந்து காட்டினார்கள், கேலிக்கு.

ஊசி வேண்டாம், உட்கார் என்று ஒரு வார்த்தை சொல்லும் அதிகாரம் அந்த அறையில் எனக்கு ஒருவனுக்குத்தான் இருந்தது. ரவாங் நண்பரே, வில்லிஸ் முட்டாள் என்று என்னிடம் கேட்காதீர்கள். அவர் கையில் காசு இருந்தது, நிறுத்த முடிந்தது, நிறுத்தினார். உங்கள் அப்பாவால் முடியவில்லை. அண்ணனை நிறுத்தியிருக்கக்கூடியவன் நிறுத்தவில்லை.

கேள்வி: என் மகன் இடைநிலைப்பள்ளியில் ரக்பி ஆடுகிறான். போன வாரம் தலையில் இடி வாங்கி, கொஞ்ச நேரம் எங்கே இருக்கிறோம் என்றே தெரியவில்லையாம். எழுந்து மறுபடி ஆடியிருக்கிறான். பயப்பட வேண்டுமா? (தைப்பிங் தாய்)

பதில்: அம்மா, மறுபடி ஆடியதற்குத்தான் பயப்பட வேண்டும். தலையில் அடிபட்டுக் குழம்பினால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. யார் வற்புறுத்தினாலும் அதே நாளில் திரும்ப இறக்கக்கூடாது. இப்போது தலைவலியோ மறதியோ வெளிச்சம் கூசுவதோ இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அவர் சரி என்று சொல்லும்வரை திடலுக்கு அனுப்பாதீர்கள். இனிமேல் எப்போதாவது அடிபட்டு, வாந்தி, எழுப்பினாலும் எழாத தூக்கம், பேச்சுக் குழறல், வலிப்பு, ஒரு கண்மணி பெரிதாக ஒன்று சிறிதாக இருப்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திராமல் உடனே ஆஸ்பத்திரி.

அமெரிக்காக்காரர்கள் இதைத் தாமதமாகவே ஒப்புக்கொண்டார்கள். ஜூனியர் செயாவ் என்று ஒரு லைன்பேக்கர், 20 பருவம் ஆடியவர், ஊரே கொண்டாடியவர். 2012 மே மாதம் 43 வயதில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். மூளையைச் சோதித்தபோது, திரும்பத் திரும்ப அடிபட்டதால் வரும் சிதைவு நோய் இருந்தது தெரிந்தது. உயிரோடு இருக்கும்போது அதை உறுதியாகக் கண்டுபிடிக்க வழியில்லை என்பதுதான் கொடுமை.

இன்னொன்று. வில்லிஸ் காயத்தோடு உட்கார்ந்தபோது அவர் இடத்தில் ஆடி எல்லாரையும் அசத்திய பையன் கிறிஸ் போர்லண்ட். வில்லிஸ் போன ஒரே வாரத்தில் அவரும் போதும் என்றார். வயது 24, ஆடியது ஒரே பருவம். தலைக்கு வரப்போவதை நினைத்துத்தான் விலகினார். கையெழுத்துக்கு வாங்கிய முன்பணத்தில் பெரும்பகுதியைத் திருப்பியும் கொடுத்தார்.

மகனை ரக்பியை விட்டு நிறுத்தச் சொல்லவில்லை. பயிற்சி ஆசிரியரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். திட்டாமல் பேசுங்கள். அந்த நேரத்தில் அவரைச் சுற்றியும் ஆறேழு பேர் நின்றிருப்பார்கள்.

கேள்வி: அவ்வளவு சீக்கிரம் போனவருக்கு ஊர் மரியாதை கிடைத்ததா? (பாகாவ் வாசகர்)

பதில்: கொஞ்சம் காக்க வைத்தார்கள். 8 பருவத்தில் 112 ஆட்டம்தான், நீண்ட நாள் ஆடவில்லை என்பது குறையாகப் பேசப்பட்டது. ஆனால் அந்த 8இல் 7 முறை நட்சத்திர அணி, 5 முறை லீக்கின் முதல்தர அணி. 2024 ஆகஸ்டில் ஒஹாயோவின் கேண்டன் நகரில், புகழ் மண்டபத்தில் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். பொற்கோட்டும் போட்டார்கள். நம் ஊரில் பொன்னாடை.

கேள்வி: எந்தக் கால்?

பதில்: இந்தக் கேள்வி தபாலில் வரவில்லை. என் வீட்டு வாசல் செருப்புக்குக் கீழே மடித்து வைத்திருந்தது. ஊரும் இல்லை, பெயரும் இல்லை, ரெட்டை ரூல் தாளில் பென்சில் எழுத்து. சட்டையைப் பற்றி நான் டீக்கடையில் பேசியதை முழுதாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனவர் ஒருவர்தான்.

இடதுகால், அண்ணே. உங்களுக்கு வலது.